கூலரில் குட்டித் திரை: இருபதாயிரம் கூடக் கொடுக்கலாமா?

கேள்வி: அண்ணே, தங்கச்சிமடத்தில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. பழைய கம்ப்யூட்டர் இழுக்கவில்லை, புதிதாக அசெம்பிள் செய்யப்போகிறேன். பிராசஸர் ரைசன் 7 7700 என்று முடிவாகிவிட்டது. அதன் சூட்டைத் தணிக்க மதுரைக் கடைக்காரர் 360 மி.மீ. லிக்விட் கூலர், மேலே வட்டமான எல்சிடி திரையோடு 24,000 ரூபாய் சொல்கிறார். சூடு எவ்வளவு என்று அதிலேயே தெரியும், உங்கள் ஊர் வெயிலுக்கு இதுதான் சரி என்கிறார். அதே கடையில் இரண்டு ஃபேன் வைத்த காற்றுக் கூலர் 3,500 ரூபாய். எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, 3,500 ரூபாய்க் கூலரை வாங்குங்கள். அதுகூட உடனே வாங்கியாக வேண்டும் என்றில்லை. 7700 பிராசஸரைப் பெட்டியோடு வாங்கினால் அதற்குள்ளேயே அதைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் ஒரு கூலர் வைத்துத் தருகிறது. பெட்டி இல்லாமல் பிராசஸரை மட்டும் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

இந்த பிராசஸர் 65 வாட் வகை. அதிலுள்ள எட்டு கோரும் (கணக்கிடும் பகுதிகள்) முழு மூச்சில் ஓடினாலும் 88 வாட் அளவில் நின்றுவிடும். லிக்விட் கூலரில் சூட்டை வெளியே விடும் 360 மி.மீ. ரேடியேட்டர் உண்மையில் தேவைப்படுவது 253 வாட் வரை இழுக்கும் இன்டெல் கோர் ஐ9 14900கே போன்றவற்றுக்கு. வள்ளத்தில் போகிறவருக்கு விசைப்படகு இன்ஜின் எதற்கு?

வெயில் என்று கடைக்காரர் சொன்னதைக் கொஞ்சம் பார்ப்போம். லிக்விட் என்றதும் பானைத் தண்ணீர் போல ஜில்லென்று இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது, அதனால் குளிர்கிறது. இந்தக் கூலரில் திரவம் குழாய்க்குள் அடைத்துக் கிடக்கிறது, ஆவியாக வழியில்லை. பிராசஸரின் சூட்டை ரேடியேட்டர் வரை சுமந்து போவது மட்டும்தான் அதன் வேலை. அங்கே ஃபேன் ஊதுவது உங்கள் அறைக் காற்றைத்தான். அறை 36 டிகிரி என்றால் இரண்டு கூலருமே அதற்குக் கீழே இறக்காது. அறைச் சூட்டைக் குறைப்பதுதான் வெயிலுக்கு வழி.

சரி, திரைக்கு வருவோம். பிராசஸர் மேல் உட்காரும் பம்பின் தலையில் அது இருக்கிறது. மதர்போர்டில் ஒரு யுஎஸ்பி இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். பிராசஸர் சூட்டைக் காட்ட அந்த நிறுவனத்தின் மென்பொருள் எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவும் செய்து அது காட்டுவது அந்த நொடியின் ஓர் எண். எடிட் செய்யும்போது உங்கள் கண் மானிட்டரில் இருக்கும், கேபினெட் மேசைக்கடியில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் ரெண்டர் அரை மணி நேரம் ஓடும்போது சூடு எப்படி ஏறி எங்கே நின்றது என்ற கணக்கு. அதை எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் வரைபடமாகவே காட்டும். ஒன்று மனதில் வையுங்கள்: ரைசன் 7000 வரிசைக்கு எல்லை 95 டிகிரி. ரெண்டர் ஓடும்போது 80ஐப் பார்த்துப் பயந்துபோய் அடுத்த செலவுக்குக் கிளம்ப வேண்டாம். எல்லையைத் தொட்டால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நானே இப்படிப்பட்ட ஒன்றை வாங்கி மண்டபத்தில் வீட்டில் வைத்திருந்தேன். இரண்டாம் வருஷம் திரை அணைந்துவிட்டது. பம்ப் நன்றாகத்தான் ஓடியது, வாரண்டியும் இருந்தது. ஆனால் திரையைத் தனியாக மாற்ற மாட்டார்கள். பம்ப், குழாய், ரேடியேட்டர் என்று முழுசாகக் கழற்றி கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். திரும்பி வர ஐந்து வாரம். அதுவரை பரணில் கிடந்த, பெட்டியோடு வந்த கூலரை மாட்டி ஓட்டினேன். ஒரு வேலையும் நிற்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இவ்வளவு பணத்தை எதற்குக் கொடுத்தோம் என்று. உங்களுக்கு இது தை மாதத்தில், முகூர்த்தம் வரிசையாக இருக்கும்போது நடந்தால் என்ன செய்வீர்கள்? காற்றுக் கூலரில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஃபேன் மட்டும்தான். 120 மி.மீ. ஃபேன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பத்து நிமிஷத்தில் நீங்களே மாற்றிவிடலாம்.

நம் பக்கம் உண்மையான எதிரி உப்பு. பாம்பன் பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி இரும்பு அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் போட வேண்டியிருந்தது. காரைக்குடி சிக்ரி ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு மையமே வைத்திருக்கிறது. உங்கள் தீவில் வாடை அடித்தால் பாக் விரிகுடா, கச்சான் அடித்தால் மன்னார் வளைகுடா, எந்தப் பக்கமும் உப்புதான். ரேடியேட்டரோ காற்றுக் கூலரோ, அலுமினியத் தகடு வெள்ளையாகப் பூத்துவிடும். ஆகவே கடல் பார்த்த ஜன்னல் பக்கம் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய்ந்த பிரஷ், ப்ளோயர் கொண்டு தூசியை எடுங்கள், ஈரத்துணி படவே கூடாது. வேலை இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் தினம் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், இளஞ்சூடாக இருக்கும் போர்டில் ஈரம் தங்காது. எந்தக் கூலர் வாங்கினாலும் வாரண்டித் தாளில் துரு, ஈரம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று காசு கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

மிச்சமாகும் 20,500 ரூபாயில் நல்ல யுபிஎஸ் ஒன்று, காப்பு நகலுக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று. ஒரு குடும்பத்தின் கல்யாணக் காட்சி கரண்ட் போய் அழிந்தால் திரும்ப எடுக்க முடியாது.

அந்தத் திரை மேல் ஆசைதான் என்றால், அது தப்பில்லை. கண்ணாடி கேபினெட்டை மேசை மேல் வைத்து, வாடிக்கையாளர் பார்க்க ஸ்டுடியோ லோகோவை ஓட விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போதும் அதே அளவில் திரை இல்லாத மாடல் என்ன விலை என்று கேளுங்கள். வித்தியாசம்தான் திரையின் விலை. அதைக் கடையின் விளம்பரச் செலவாக எழுத மனசு வருகிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் எல்சிடி திரை உள்ள கூலர் என்று போட்டிருந்ததை வாங்கினேன். வந்தது வெறும் கலர் லைட் மட்டும் எரிகிற மாடல். விற்றவர் மாற்றித்தர மறுக்கிறார். கீழக்கரையில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையவே செய்யலாம். விளம்பரப் பக்கம், பில், பெட்டி மேல் உள்ள மாடல் எண், விற்றவரோடு நடந்த பேச்சு எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட உரிமை உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, ஆனால் அந்த விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றிவிடலாம். அதை மட்டும் இன்றைக்கே படமெடுத்துவிடுங்கள்.