பழுப்பேறிய பாட்டில் பிரஷ்: மே மாதம் வரை பொறுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் இருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் வைத்த சிவப்புப் பாட்டில் பிரஷ் செடி இந்தக் குளிரில் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. பிடுங்கிவிடலாமா? குளிர் தாங்கும் வகை உண்டா?

பதில்: மே மாதக் கடைசி வரை பிடுங்க வேண்டாம். இலை கருகிவிட்டது என்பதற்காகச் செடி செத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். முதலில் நுனிக் கிளையில், அப்புறம் படிப்படியாகக் கீழே, கடைசியாகத் தரையை ஒட்டி. எந்த இடத்தில் உள்ளே பச்சை தெரிகிறதோ, அங்கே உயிர் இருக்கிறது. கத்தரியையும் இப்போது எடுக்காதீர்கள். காய்ந்த கிளைகள்தான் உள்ளிருக்கும் மொட்டுகளுக்குப் போர்வை. உறைபனி ஓய்ந்து தளிர் தெரிந்ததும், அதற்குச் சற்று மேலே வெட்டினால் போதும்.

உங்களுடையது பெரும்பாலும் சிட்ரினஸ் வகையாக இருக்கும். கடைகளில் அதிகம் கிடைப்பது அதுதான். கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த செடி. மைனஸ் 5 டிகிரி வரை ஓரளவு சமாளிக்கும். பிரிட்டனில் 2010 டிசம்பர் போல வாரக்கணக்கில் உறைந்தால் கஷ்டம்தான். ஆனால் குளிரைவிட ஈரத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். உங்கள் பக்கம் களிமண் அதிகம். இந்தச் செடி சொந்த ஊரில் சதுப்பு நிலத்திலும் வளரும், உண்மைதான். இருந்தாலும் தேங்கிய நீரும் உறைபனியும் சேர்ந்தால் வேர் தாங்காது. இன்னொன்று, மண் உறைந்துவிட்டால் வேரால் நீர் உறிஞ்ச முடியாது. வாடைக்காற்றோ இலையிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பனியில் கருகியதாக நாம் நினைக்கும் இலைகளில் பல, தாகத்தில் காய்ந்தவை.

புதிதாக வைப்பதானால் மஞ்சள் பூ வகைகளைப் பாருங்கள். பிட்டியாய்டிஸ் ஆஸ்திரேலியாவின் உயர்ந்த மலைப்பகுதிச் செடி, பனி அதற்குப் பழக்கம். ஆற்றங்கரையில் வளரும் சீபெரியும், டாஸ்மேனியாவின் விரிடிஃப்ளோரஸும் உறுதியானவை. சிவப்புதான் வேண்டும் என்றால் சப்யூலேட்டஸ். சிட்ரினஸைவிடக் குளிர் தாங்கும், உயரமும் குறைவு. தொங்கும் கிளைகளோடு அழகாக இருக்கும் விமினாலிஸை மட்டும் அங்கே வெளியில் வைக்காதீர்கள்.

நடுவதற்கு வசந்தகாலம்தான் நல்லது. குளிர் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். தெற்கு அல்லது மேற்கு பார்த்த சுவரோரம் வையுங்கள். கிழக்குச் சுவர் வேண்டாம். உறைந்த தளிர் மீது காலை வெயில் பட்டால் சட்டென்று உருகிச் சேதமாகும். களிமண்ணில் குழி தோண்டிச் சரளையைக் கொட்டினால் அந்தக் குழியே தொட்டியாகிவிடும். அதற்குப் பதில் மண்ணை ஒரு சாண் மேடாக்கி, அதன்மேல் நடுங்கள். ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து உரம் போடக்கூடாது; போட்டால் வரும் இளந்தளிர்தான் முதல் பனியில் போகும். நவம்பரில் அடியில் மரப்பட்டைத் துண்டுகளை நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டில் ஒட்டாமல். கடுங்குளிர் இரவுகளில் தோட்டத் துணியால் மூடலாம். பிளாஸ்டிக் தாள் மட்டும் ஆகாது, உள்ளே ஈரம் கோத்துவிடும்.

தொட்டியில் வளர்த்தால் வேர் சீக்கிரம் உறையும். வெளிச்சமுள்ள, ஹீட்டர் போடாத போர்ச்சில் வைத்து, மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்.