ஆபரேஷன் அன்று பார்க்கின்சன் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

கடலூரிலிருந்து அப்பாவைக் குடலிறக்க ஆபரேஷனுக்குப் புதுச்சேரிக்கு அழைத்துப் போகிறீர்கள். வெறும் வயிறு என்றால் பார்க்கின்சன் மாத்திரையான சிண்டோபாவும் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சோறு, காபி வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். மாத்திரையை வழக்கமான நேரத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுப்பதே பொதுவான நடைமுறை. மயக்க மருத்துவரிடம் முந்தின நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சிண்டோபாவிலுள்ள முக்கிய மருந்தான லெவோடோபா ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். இரண்டு வேளை தவறினால் உடம்பு விறைக்கும், விழுங்க முடியாது, எச்சில் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். அதனால் முதல் கேஸாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். நீண்ட ஆபரேஷன் என்றால் மூக்குக் குழாய் வழியாகவும் கொடுப்பார்கள்.

முடிந்தால் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வது நல்லது. விழித்திருப்பார், சீக்கிரம் மாத்திரை விழுங்கலாம்.

நான் அதிகம் பயப்படுவது வார்டில் வாந்திக்குச் சட்டென்று போடும் பெரினார்ம் ஊசிக்குத்தான். அதிலுள்ள மெட்டோகுளோபிரமைடு உடல் அசைவுக்கு மூளையில் தேவையான டோபமைனைத் தடுத்து நடுக்கத்தைக் கூட்டிவிடும். அதற்குப் பதில் ஒண்டான்செட்ரான் போடலாம். இரவில் பிதற்றினால் ஹாலோபெரிடாலும் ஆகாது. ராசாஜிலின், செலிஜிலின் என்ற பார்க்கின்சன் மாத்திரைகளும் சாப்பிடுபவர் என்றால் பெத்திடின், டிரமடால் வலி ஊசிகள் ஆபத்து. இவற்றைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.