இரண்டு மணிக்கு வரும் விழிப்பு

கேள்வி: எனக்கு 51 வயது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். நான்கு மணிக்கு எழுந்து சமைத்தால்தான் ஜீப்பைப் பிடிக்க முடியும் என்பதால் இரவு எட்டு மணிக்கே படுத்துவிடுவேன். உடனே தூங்கிவிடுகிறேன். ஆனால் இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தால், அதன்பின் தூக்கமே வருவதில்லை. ஐந்து மாதமாக இப்படித்தான். பக்கத்து வீட்டில் கொடுத்த தூக்க மாத்திரையைப் பாதி போட்டேன். மறுநாள் தலை கிறுகிறுத்தது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: அம்மா, எட்டு மணிக்குத் தூங்கி இரண்டு மணிக்கு விழித்தால் ஆறு மணி நேரம் ஆகிறது. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முற்பாதியிலேயே முடிந்துவிடும். பிற்பாதியில் தூக்கம் மேலோட்டமானது. சிறு சத்தமும் எழுப்பிவிடும். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று முடியும்போது எல்லோருக்கும் லேசாக விழிப்புத் தட்டத்தான் செய்கிறது. மற்றவர்கள் புரண்டு படுத்து மறந்துவிடுகிறார்கள். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து, நான்கு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். மிச்சத் தூக்கத்தைக் கெடுப்பது அந்த எண்ணிக்கைதான்.

நான் சொல்லப்போவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம்: தாமதமாகப் படுங்கள். ஒன்பதரைக்கு முன் பாயை விரிக்காதீர்கள். எழுவது மட்டும் ஞாயிற்றுக்கிழமை உட்பட எப்போதும் நான்கு மணிக்கே இருக்கட்டும். படுக்கும் நேரத்தைச் சுருக்கினால் தூக்கம் ஒன்றுசேரும். முதல் ஒன்றிரண்டு வாரம் பகலில் அசதி இருக்கும். சரிவில் வேலை செய்கிறவர் என்பதால் கவனம் வேண்டும். தள்ளாடுவதுபோல் இருந்தால் ஒன்பது மணிக்குப் படுங்கள். திரும்பி வரும் ஜீப்பில் கண்ணயர்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் அந்தத் தூக்கம் இரவுக் கணக்கில்தான் கழியும்.

விழித்தபின் தூக்கம் வரவில்லையென்றால் புரண்டுகொண்டே கிடக்காதீர்கள். எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், துணி மடியுங்கள். கண் சொக்கும்போது மீண்டும் படுங்கள். ஆனால் எழுந்ததுதான் எழுந்தோம் என்று அடுப்பைப் பற்றவைத்துவிடாதீர்கள். உடம்பு அந்த நேரத்தையே வேலை நேரமாகப் பழகிக்கொள்ளும். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். அலாரம் போதும்.

இனி அந்தச் சிறுநீர். நாள் முழுக்க நின்று வேலை செய்தால் காலில் நீர் இறங்கித் தங்கும். படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகம் அதை நடு இரவில் வெளியேற்றுகிறது. மாலையில் வீடு வந்ததும் காலைத் தலையணைமேல் உயர்த்தி அரை மணி நேரம் படுங்கள், தூங்காமல். அந்த நீர் படுக்குமுன்பே வெளியேறிவிடும். கட்டன் சாயா குடிப்பதை மதியத்தோடு நிறுத்துங்கள், மாலையில் வேண்டாம். தேநீரிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

இவற்றோடு, அரசு மருத்துவமனையில் சர்க்கரை, ரத்தசோகை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். இரவில் சிறுநீர் போகச் செய்வதில் சர்க்கரைக்குப் பெரிய பங்கு உண்டு. மாதவிலக்கு நிற்கும் வயது என்பதால் உடம்பு திடீரென அனலாகி வேர்த்து விழிக்கிறீர்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது. பலமான குறட்டை, மூச்சுத் திணறி எழுவது, எதிலும் மனம் ஒட்டாமல் போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

பக்கத்து வீட்டு மாத்திரை இனி வேண்டாம். அதன் மயக்கம் மறுநாளும் நீடிக்கும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்; வழுக்கும் தோட்டச் சரிவில் அந்தத் தலைச்சுற்றல் எலும்பை முறித்துவிடும். அதைக் கொடுத்தவர் நெடுநாளாகத் தினமும் போடுகிறவராக இருந்தால், அவரும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்டுத்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.