எல்லாரும் கன்சர்வேட்டிவ் என்றால் யாருக்கு ஓட்டுப் போடுவது?

கேள்வி: டெக்சாஸில், டாலஸ் பக்கம் குடியிருக்கிறோம். குடியுரிமை கிடைத்தபின் இதுதான் எனக்கு முதல் தேர்தல். செனட் பதவிக்கான குடியரசுக் கட்சிப் பிரைமரியில் (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) ஓட்டுப் போட நினைக்கிறேன். ஆனால் வேட்பாளர்களின் இணையதளங்களைப் படித்தால் எல்லாரும் தங்களைக் கன்சர்வேட்டிவ் (பழமைவாதி) என்று சொல்லிக்கொண்டு ஒரே பாட்டையே பாடுகிறார்கள். வரியைக் குறைப்போம், எல்லையைக் காப்போம், துப்பாக்கி உரிமையைத் தொடவிடமாட்டோம், கருக்கலைப்பை எதிர்ப்போம் என்கிறார்கள். இவர்களுக்குள் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? என் தம்பி கிரீன் கார்டு வரிசையில் பல வருடமாக நிற்கிறான், அதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்சியில் சேராமல் ஓட்டுப் போட முடியுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். டெக்சாஸில் வாக்காளர் பட்டியலில் கட்சிப் பதிவு கிடையாது. தேர்தலுக்கு 30 நாள் முன்னதாக உங்கள் பெயர் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும், புகைப்பட அடையாள அட்டை வேண்டும், அவ்வளவுதான். சாவடியில் எந்தக் கட்சியின் பிரைமரி என்று கேட்பார்கள், சொன்னால் போதும். ஒரு பிரைமரியில் ஓட்டுப் போட்டுவிட்டால் அந்த வருடம் மற்றக் கட்சியின் ரன்ஆஃபில் (மறுசுற்றில்) போட முடியாது. நவம்பர் பொதுத்தேர்தலில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

ரன்ஆஃபை விட்டுவிடாதீர்கள். பிரைமரியில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேருக்கும் மறுபடி போட்டி வைப்பார்கள். 1994-க்குப் பிறகு டெக்சாஸில் மாநிலம் முழுக்க நடக்கும் எந்தத் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சி ஜெயித்ததில்லை. அதனால் செனட்டர் யார் என்பது பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது.

உங்கள் முக்கியமான கேள்விக்கு 2012-இல் இதே மாநிலத்தில் நடந்த போட்டியை எடுத்துக்கொள்கிறேன். கே பெய்லி ஹட்சிசன் ஓய்வு பெறுவதாக அறிவித்ததால் இடம் காலியானது. துணை கவர்னர் டேவிட் டியூஹர்ஸ்ட் முன்னணியில் இருந்தார். கையில் பணம் இருந்தது, கவர்னர் ரிக் பெர்ரியின் ஆதரவும் இருந்தது. எதிரே டெட் குரூஸ். மாநில அரசின் சொலிசிட்டர் ஜெனரலாக, அதாவது மேல்நீதிமன்றங்களில் மாநிலத்துக்காக வாதாடும் வழக்கறிஞராக இருந்தவர், அதற்குமுன் எந்தத் தேர்தலிலும் ஜெயித்ததில்லை. மே 29-இல் டியூஹர்ஸ்டுக்கு சுமார் 45 சதவீதம், குரூஸுக்கு 34. ஜூலை 31 ரன்ஆஃபில் நிலைமை அப்படியே தலைகீழானது: குரூஸ் 57, டியூஹர்ஸ்ட் 43. ரன்ஆஃபில் பதிவானவை சுமார் 11 லட்சம் ஓட்டுகள்தான், பட்டியலில் இருந்தவர்களோ ஏறத்தாழ ஒரு கோடியே 30 லட்சம் பேர். பத்தில் ஒருவர்கூடப் போகவில்லை. உங்கள் ஒரு ஓட்டுக்கு அங்கே எவ்வளவு எடை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த இருவரின் கொள்கைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் நீங்கள் இன்று குழம்புவதைப் போலவே குழம்பியிருப்பீர்கள். ஒபாமாகேரை (ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்) ரத்து செய்வோம் என்று இருவரும் சொன்னார்கள். வரவுக்குள் செலவு செய்ய அரசைக் கட்டாயப்படுத்தும் அரசியல் சட்டத் திருத்தம், கருக்கலைப்பு எதிர்ப்பு, துப்பாக்கி உரிமை, எல்லைப் பாதுகாப்பு எதிலும் பெரிய பிளவு இல்லை. வித்தியாசம் அவர்களுடைய பழைய வேலையில் இருந்தது. டியூஹர்ஸ்ட் தலைமை வகித்த டெக்சாஸ் மேலவையில், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சம்மதிக்காமல் மசோதா விவாதத்துக்கே வராது என்ற வழக்கம் அப்போது இருந்தது. எதிர்க்கட்சியோடு பேசித்தான் காரியம் நடக்கும். அவருடைய ஆதரவாளர்கள் அதை அனுபவம் என்றார்கள், குரூஸ் தரப்பு அதையே சமரசம் என்று அடித்தது. குரூஸின் பெயர் பெற்ற வழக்கு மெடலின் எதிர் டெக்சாஸ். சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு மாநில நீதிமன்றங்கள் இணங்க வேண்டும் என்று ஜார்ஜ் டபிள்யூ புஷ் பிறப்பித்த ஆணையை எதிர்த்து, மாநில உரிமைக்காக வாதாடி, 2008-இல் உச்ச நீதிமன்றத்தில் 6-3 என்று ஜெயித்தார். தன் கட்சி ஜனாதிபதி, அதுவும் டெக்சாஸ்காரர், எதிரே நின்றபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. செனட்டுக்குப் போனால் எப்படி நடந்துகொள்வார் என்பது அந்த வழக்கிலேயே தெரிந்துவிட்டது.

அப்படியேதான் நடந்தது. 2013 செப்டம்பரில் ஒபாமாகேருக்குப் பணம் ஒதுக்கக் கூடாது என்று செனட்டில் 21 மணி நேரம் நின்று பேசினார். அந்த இழுபறியால் அக்டோபரில் மத்திய அரசு 16 நாள் முடங்கியது. சட்டம் அசையவில்லை. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பலருக்கு அந்தப் போராட்டமே போதுமானதாக இருந்தது, வேறு சிலருக்கு வீண் சேதமாகப் பட்டது. நீங்கள் எந்தப் பக்கம் என்பது உங்கள் உரிமை. ஓட்டுப் போடுவதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் என் கவலை.

கொள்கைப் பட்டியலைப் படிக்கும்போது நான் ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொள்வது இதுதான்: இது நடக்க எத்தனை ஓட்டு வேண்டும்? செனட்டில் 100 பேர். சாதாரண மசோதாவுக்கு விவாதத்தை முடிக்கவே 60 வேண்டும். கல்வித் துறையை ஒழிப்பேன் என்பது அந்த வகை. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 67 பேரும், கீழவையில் மூன்றில் இரண்டு பங்கும், பிறகு 38 மாநிலங்களும் வேண்டும். வரவு செலவைச் சமன்செய்யும் திருத்தம் 1997-இல் 66 ஓட்டு வாங்கி, ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. வரி விஷயங்களைப் பட்ஜெட்டுக்கான தனி நடைமுறை வழியாக 51 ஓட்டில் முடிக்கலாம். ஒபாமாகேரின் சில பகுதிகளை மட்டும் ரத்து செய்யும் மசோதாவிலேயே 2017 ஜூலையில் 49-51 என்று தோற்றவர்கள், அதே டிசம்பரில் வரிச் சட்டத்துக்குள் நுழைத்து, காப்பீடு வாங்காதவர்களுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கினார்கள். நீதிபதிகள் நியமனத்துக்கும் இப்போது சாதாரணப் பெரும்பான்மை போதும். எந்த மாதிரி நீதிபதிக்கு ஓட்டுப் போடுவேன் என்று ஒரு வேட்பாளர் எழுதியிருந்தால் அதை இரண்டு தடவை படியுங்கள், அது நடக்கக்கூடிய வாக்குறுதி.

ஒரு செனட்டரால் தனியாகச் சட்டம் கொண்டுவர முடியாது, ஆனால் ஓட்டெடுப்பு இல்லாமல் ஏகமனதாக நிறைவேற்றப் பார்ப்பதைத் தனியாகத் தடுக்க முடியும். உங்கள் தம்பியின் வரிசைக்கு வருகிறேன், ஏனென்றால் இது அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. வேலை வழிக் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஏறத்தாழ 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்புதான் இந்தியர்களின் வரிசையை இவ்வளவு நீளமாக்கியது. அதை எடுக்கும் மசோதாவைச் செனட்டில் முன்னின்று நடத்தியவர் யூட்டாவின் மைக் லீ, அசல் கன்சர்வேட்டிவ். கீழவையில் அதே நோக்கமுள்ள மசோதா 2019 ஜூலையில் 365-65 என்று நிறைவேறியிருந்தது. செனட்டில் யாரும் ஆட்சேபிக்காமல் ஏகமனதாக நிறைவேற்றலாம் என்று லீ முயன்றார். 2019-இல் ஒரு தடவை கென்டக்கியின் ரேண்ட் பால் தடுத்தார், அவரும் கன்சர்வேட்டிவ்தான். இன்னொரு தடவை ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பின் தடுத்தார். ஒருவழியாக 2020 டிசம்பர் 2-இல் செனட்டில் நிறைவேறியது, ஆனால் கீழவை வடிவத்தோடு ஒத்துப்போகாமல் அந்தக் காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) பதவிக்காலத்தோடு செத்துப்போனது. வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எச்-1பி (தற்காலிக வேலை விசா) விஷயத்தில் குரூஸின் பதிவையே பாருங்கள். 2013-இல் வருட உச்சவரம்பை 65,000-இலிருந்து 3,25,000 ஆக உயர்த்தத் திருத்தம் கொண்டுவந்தார், அது தோற்றது. ஜனாதிபதி வேட்பாளராக நின்ற 2015-இல், அலபாமா செனட்டர் ஜெஃப் செஷன்ஸோடு சேர்ந்து, எச்-1பிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,10,000 டாலர் வேண்டும் என்று மசோதா போட்டார். இரண்டு வருடத்தில் கதவை அகலத் திறப்பதிலிருந்து இறுக்குவதற்கு வந்துவிட்டார். 'சட்டப்படி வருபவர்களை வரவேற்கிறோம்' என்று இணையதளத்தில் ஒரு வரி இருப்பதால் எதையும் முடிவுசெய்துவிடாதீர்கள்.

அதனால், ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் காங்கிரஸின் இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டு, கொண்டுவந்த மசோதாக்களையும் திருத்தங்களையும் பாருங்கள். புதியவர் என்றால் முன்பு என்ன பதவியில் இருந்தார், அங்கே யாரோடு மோதினார், யாரோடு பேசி முடித்தார் என்று தேடுங்கள். பிரசாரக் கூட்டத்துக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் போய், 'குடியேற்றத்தில் உங்கள் கொள்கை என்ன?' என்று கேட்காதீர்கள், அதற்கு மனப்பாடமான பதில் தயாராக இருக்கும். 'ஒவ்வொரு நாட்டுக்கும் 7 சதவீதம் என்ற வரம்பை எடுக்கும் மசோதா ஏகமனதாக நிறைவேற வந்தால் ஆட்சேபிப்பீர்களா, மாட்டீர்களா?' என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு மின்னஞ்சலிலும் அதையே அனுப்புங்கள். பிரைமரிக்கும் ரன்ஆஃபுக்கும் இடையில் கிடைக்கும் வாரங்களில், மிஞ்சிய இருவருக்கும் அதே கேள்வியை மறுபடி அனுப்புங்கள்.