பிளாக் சப்பாத் இசைக்குழு எப்படி உருவானது? அவர்களின் கிட்டார் ஒலி ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது?

இரண்டு கேள்விக்கும் பதில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், ஒரு தொழிற்சாலையில் தொடங்குகிறது. குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்கு அப்போது 17 வயது. தகரத் தொழிற்சாலையில் அவருக்கு அன்றுதான் கடைசி நாள். இயந்திரத்தில் வலது கை சிக்கி நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கிட்டார் தந்திகளை அழுத்துவது அந்த வலது கைதான். வாசிப்பே முடிந்தது என்று நினைத்தவருக்கு, தீக்காயத்தால் இரு விரல் செயலிழந்தும் வாசித்த ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை மேற்பார்வையாளர் போட்டுக் காட்டினார். அப்புறம் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். அழுத்த எளிதாக மெல்லிய தந்திகளை மாட்டினார். பின்னாளில், 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில், தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்துக்கு இந்தக் காயம் ஒரு முக்கியக் காரணம் என்றே நான் நம்புகிறேன்.

குழு கூடியது 1968-இல். அயோமி, டிரம்ஸ் பில் வார்டு, பேஸ் கீசர் பட்லர், பாடகர் ஆஸி ஆஸ்பர்ன், நால்வருமே ஆஸ்டன் பகுதிக்காரர்கள். ஆரம்பக் காலத்தில் 'எர்த்' என்ற பெயரில் புளூஸ் இசை வாசித்தார்கள். அதே பெயரில் வேறொரு குழு இருந்ததால், 1969-இல் 'பிளாக் சப்பாத்' என்ற திகில் படத்தின் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் ஆல்பத்தை ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. விமர்சகர்கள் பலர் திட்டினார்கள். ஆனாலும் பிரிட்டன் பட்டியலில் 8-ஆம் இடம். அதே ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பம் 'பாரனாய்ட்' முதலிடத்தையே பிடித்தது.