பழவேற்காட்டுக்கு எந்த பைனாகுலர்?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேனுங்க. தை மாதம் மனைவியோடு பழவேற்காடு போய், படகில் இருந்தபடியே கடற்காகம், ஆலா, பூநாரையெல்லாம் பார்க்க ஆசை. ஆன்லைனில் ‘180 மடங்கு’ பைனாகுலர் 1,800 ரூபாய் என்று போட்டிருக்கிறான். வாங்கலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. கையில் பிடித்துப் பார்க்கிற பைனாகுலரில் பத்து மடங்கைத் தாண்டினாலே பறவையோடு கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். ஆடுகிற படகில் கேட்கவே வேண்டாம். மடங்கு கூடக்கூடக் கண்ணில் படுகிற பரப்பும் சுருங்கிவிடும். ஆலாவை நீங்கள் தேடிப் பிடிப்பதற்குள் அது எங்கோ போயிருக்கும்.

8×42 வாங்குங்கள். எட்டு என்பது மடங்கு, 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். விடிகாலை மங்கல் வெளிச்சத்துக்கும் இது தாராளம். நல்லதாக வேண்டுமென்றால் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிப் போகும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நீர் புகாததாக, நைட்ரஜன் நிரப்பியதாகப் பாருங்கள். கடலோர ஈரத்தில் உள்ளே மூடுபனி கட்டாது. மூக்குக் கண்ணாடி போடுபவர் என்றால், அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குக் குளிர்காலத்தில் தலை பழுப்பாகவே இருக்காது. வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு, அவ்வளவுதான். கருந்தலைக் கடற்காகத்துக்கும் அதே பொட்டுதான். பறக்கும்போது கறுத்த இறக்கை நுனியில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பழுப்புத்தலை. மங்கலான லென்ஸில் அந்தத் திட்டு தெரியவே தெரியாது.

தை வரை காத்திருக்காமல் மார்கழியிலேயே வாங்கிவிடுங்கள். வந்த மறுநாள் விடிகாலையில் உங்கள் ஊர் நஞ்சராயன் குளத்துக்கு எடுத்துப் போங்கள். முக்கியமான ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2024-ல் சேர்ந்த குளம், பட்டைத்தலை வாத்து வருகிற இடம். அதன் வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகளும் தனித்தனியாகத் தெளிந்து தெரிகின்றனவா பாருங்கள். ஐந்து நிமிடத்தில் கண் வலித்தாலோ, ஒரே வாத்து இரண்டாகத் தெரிந்தாலோ, உள்ளே இரண்டு குழலும் நேராக இல்லை என்று அர்த்தம். கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப வாங்க ஆன்லைன் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளே சொல்கின்றன. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.