கீச்சிடும் காயிலுக்கு சிலிகான் பூசலாமா?

கேள்வி: என் ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளை ராத்திரியில் மெல்லியதாகக் கீச்சிடுகிறது. உள்ளே ஃபேன் கிடையாது. பாத்ரூம் ஓரங்களை அடைக்கும் சிலிகானை உள்ளிருக்கும் காயிலில் (கம்பிச் சுருளில்) பிதுக்கி விட்டால் சத்தமும் அடங்கும், கடல் காற்றும் அண்டாது என்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: முதலில் அந்த டியூபைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் போலப் புளித்த நெடி வந்தால் போர்டு பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும், செம்பை அரித்துவிடும். நியூட்ரல் க்யூர் வகை, அதாவது உலரும்போது அந்த அமிலத்தை விடாதது, வேண்டும், அதிலும் எலக்ட்ரானிக்ஸுக்கென்றே விற்பது கிடைத்தால் நல்லது.

சரி, சத்தம் எங்கிருந்து வருகிறது? இந்த சப்ளைகள் பொதுவாக நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் சுவிட்ச் ஆகும், அது நம் காதுக்கு எட்டாது. ஆனால் லோடு குறைந்ததும் பல சப்ளைகள் விட்டு விட்டு இயங்க ஆரம்பிக்கும், அந்த விட்டு விட்டு வரும் வேகம் காதுக்குக் கேட்கும் அளவுக்கு இறங்கிவிடுவதால் காயிலின் கம்பியும் அதன் ஃபெரைட் காந்தக் கருவும் அதிர்வது நமக்குக் கீச்சென்று கேட்கிறது. செராமிக் கெப்பாசிட்டர்கூட மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது நுணுக்கமாக விரிந்து சுருங்கி போர்டையே அதிர வைக்கும். அது காரணமென்றால் காயிலில் எவ்வளவு பூசினாலும் பலனில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். வாங்கிய நாளிலிருந்தே கேட்கும் சத்தம் என்றால் பயமில்லை. பல வருடம் சத்தமில்லாமல் ஓடிய சப்ளை திடீரென்று கீச்சிட்டால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் (உள்ளே திரவம் உள்ள உருளை வடிவ கெப்பாசிட்டர்) காய்ந்து போயிருக்கலாம், அப்போது அதை மாற்ற வேண்டும். சிலிகான் பூசி சத்தத்தை அமுக்கினால் பழுது உள்ளேயே வளரும்.

காயில்தான் என்று உறுதியானால் அதன் அடிப்பாகம் போர்டைத் தொடும் இடத்திலும், ஆடும் கம்பிச் சுற்றுகளுக்கு இடையிலும் கொஞ்சமாக வையுங்கள், போதும். சத்தம் குறையும், முழுசாக நிற்கும் என்று சொல்ல மாட்டேன். மொத்தத்தையும் மூழ்கடிக்க வேண்டாம், சாதாரண சிலிகான் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, ஃபேன் இல்லாத பெட்டியில் சூடு உள்ளேயே தங்கிவிடும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் தலையில் கீறல் இருக்கும் பாருங்கள், அது உள்ளழுத்தம் வெளியேறும் வழி, அதை மூடக் கூடாது. மூடப்படாத ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) பக்கத்தில் இருந்தாலும் கவனம், சிலிகானின் ஆவி கான்டாக்டில் படிந்து, பொறி பட்டுப் பட்டு மின்சாரம் கடத்தாத சிலிக்காவாக மாறிவிடும்.

மின்சாரக் கார்களின் ஐ.ஜி.பி.டி. (பெரிய மின்சாரத்தை சுவிட்ச் செய்யும் டிரான்சிஸ்டர்) மாட்யூல்களில் மெல்லிய கம்பிகளைக் காக்கவும் இன்சுலேஷனுக்கும் ஊற்றுவது வேறு சரக்கு, இரண்டு பாகமாக வரும் மென்மையான ஜெல். உங்களுக்கு அது தேவையில்லை. உப்புக் காற்றுக்கு போர்டைச் சுத்தம் செய்து, கனெக்டர்களை விட்டுவிட்டு மெல்லிய கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டுக்கான வார்னிஷ் போன்ற பாதுகாப்புப் பூச்சு) அடிப்பதுதான் சரி.

அப்புறம், 230 வோல்ட் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் இருக்கும். மீட்டர் வைத்து அளந்து பார்க்கத் தெரியாதென்றால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். பூசிய சிலிகான் காற்றின் ஈரத்தை இழுத்து வெளியிலிருந்து உள்நோக்கித்தான் இறுகும், அதனால் ஒரு முழு நாளாவது ஆற விட்டு, தடிமனாக வைத்திருந்தால் இன்னும் ஒரு நாள் சேர்த்து விட்டு, பிறகு ஆன் பண்ணுங்கள்.